சுலாத் பிழைத்த மார்ச் மாதம்

சுலாத்தை மூடப்போகிறார்கள் என்று எனக்குச் சொன்னது என் அக்கா டெலியாதான். பிப்ரவரி மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் போன் வந்தது. அப்போது நான் இலோய்லோ நகரத்தில் ஒரு கால் சென்டரில் இருந்தேன். பகல் ஷிப்ட். ஆஸ்திரேலியாவில் யாருக்காவது இணையம் வரவில்லையென்றால் அவர்கள் என்னிடம்தான் கத்துவார்கள்.

"இந்தாய், உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்ல?"

"மோடத்த அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்கன்னு சொல்லத் தெரியும், மனாங். அவ்வளவுதான்."

"அது போதும். சுலாத்த மூடப் போறாங்களாம். நீ போயி நிறுத்து."

டெலியா அப்படித்தான். எனக்கு ஒன்பது வயது மூத்தவள், அதனால் அவள் எனக்கு மனாங், நான் அவளுக்கு இந்தாய். துபுங்கன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு டீச்சர். ஐம்பத்திரண்டு பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரலில்தான் என்னிடமும் பேசுவாள்.

சுலாத் என்பது டீச்சர்கள் மதிப்பெண் போடுவதற்கான ஒரு மென்பொருள். பெயருக்கு எங்கள் மொழியில் எழுத்து என்று பொருள். பரீட்சை, வீட்டுப்பாடம், செய்முறை என்று எல்லா மதிப்பெண்களையும் உள்ளே போட்டால் கூட்டிக் கழித்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ரிப்போர்ட் கார்டு தயாரித்துக் கொடுத்துவிடும். அது வருவதற்கு முன்னால் ஒவ்வொரு பருவ முடிவிலும் டெலியா இரண்டு நாள் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கமாட்டாள். வந்த பிறகு அரைமணி நேர வேலை. எங்கள் பனாய் தீவிலும் பக்கத்துத் தீவான நெக்ரோஸிலும் மூவாயிரம் டீச்சர்களுக்கு மேல் அதை வைத்திருந்தார்கள். திறந்த மூல மென்பொருள் என்பதால் காசு கிடையாது. உள்ளே இருக்கும் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.

அனுப்பலாம் என்றுதான் பேர். அன்று சாயங்காலம் சுலாத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே மூன்று வரி அறிவிப்பு. "மார்ச் 31-ஆம் தேதியோடு இந்தத் திட்டம் நிறுத்தப்படுகிறது. நிரல் இங்கேயே இருக்கும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இனி கேள்விகளுக்குப் பதில் கிடையாது. ஹெர்னான் துப்பாஸ்." அதற்குக் கீழே பதில் சொல்லாத புகார்கள் நானூற்றுப் பன்னிரண்டு. பங்களித்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்றே பெயர்கள்.

புகார்களைப் படிக்க ஆரம்பித்தேன். சரியாகச் சொன்னால், நிறுத்த முடியவில்லை. எனக்கு அந்தக் குரல்கள் பழக்கமானவை. முதல் வரியில் கெஞ்சுவார்கள், இரண்டாவதில் அவசரம் என்பார்கள், மூன்றாவதில் வைவார்கள். ஒரு டீச்சர் பெரிய எழுத்தில் "உங்களால் என் வேலை போகப்போகிறது" என்று எழுதியிருந்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய பதில்களில் ஹெர்னான் பொறுமையாக இருந்தார். நான்கு வருடம் முன்பு, "கேட்பதற்கு முன் படியுங்கள்." இரண்டு வருடம் முன்பு, வெறும் "படியுங்கள்." அதற்குப் பிறகு ஒன்றுமேயில்லை.

அவருக்குக் கடிதம் எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணி, லா பாஸ் சந்தை, பாச்சோய் நூடுல்ஸ் கடை.

ஹெர்னானுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், அண்ணன் முறையில் மனோங் என்று கூப்பிட வேண்டிய வயது. முன்பு மியாகாவ் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், இப்போது ஏதோ ஒரு கம்பெனியில் நிரல் எழுதுகிறவர். ஆவி பறக்கும் நூடுல்ஸ் கிண்ணத்தின் மேல் குனிந்திருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"நீங்க புரோகிராம் எழுதுவீங்களா?"

"மாட்டேன்."

"டிசைன்?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு என் சனிக்கிழமையக் கெடுக்குறீங்க?"

"மனோங், நான் ஆறு வருஷமா தினம் எட்டு மணி நேரம் திட்டு வாங்குறேன். அதுக்குத்தான் எனக்குச் சம்பளமே. உங்க பக்கத்துல நானூத்திப் பன்னெண்டு பேரு கத்திக்கிட்டு நிக்குறாங்க. அவங்கள எங்கிட்ட விட்டுடுங்க."

கரண்டி பாதி வழியில் நின்றது. முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"கூட ரெண்டு பேர் இருக்காங்களே, அவங்க எங்க?" என்றேன்.

"ஒருத்தன் துபாய் போயிட்டான். இன்னொருத்தன் கல்யாணம் பண்ணிக்கிட்டான். ரெண்டும் ஒண்ணுதான், திரும்பி வரமாட்டாங்க." சிரிக்காமல் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "போன வருஷம் என் பொண்ணு பிறந்தநாளு. கேக் வெட்டுற நேரத்துல நான் உள் ரூம்ல உக்காந்து பகோலோட் ஊர்ல ஒரு டீச்சருக்கு சுலாத்தச் சரிபண்ணிக்கிட்டு இருந்தேன். வெளிய வந்தா கேக்கே இல்ல. பொண்ணு ஒண்ணுமே சொல்லல. அதான் எனக்குத் தாங்கல. எங்க வீட்டுக்காரிக்காக எழுதினது, இந்தாய். ஒரே ஒரு டீச்சருக்காக. மூவாயிரம் பேரு வருவாங்கன்னு யாரு கண்டா?"

புகார்களுக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி கொடுத்தார். மார்ச் முடியும் வரைக்கும்தான். "எதையும் உடைச்சிடாதீங்க" என்றார். பாச்சோய்க்கு நான்தான் காசு கொடுத்தேன்.

ஷிப்ட் நான்கு மணிக்கு முடியும். அலுவலகத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. தினமும் அங்கே உட்கார்ந்து முப்பது நாற்பது புகார்களாகப் பார்த்தேன். முதலில் வகை பிரித்தேன். நூற்று நாற்பது பேர் கேட்டது ஒரே கேள்வி: ரிப்போர்ட் கார்டை எங்கே அச்சடிப்பது? பொத்தான் இருக்கிறது. ஆனால் அதன் மேல் "வெளியீட்டுத் தொகுப்பு" என்று எழுதியிருந்தது. ஹெர்னானுக்கு எழுதினேன்: அதை "ரிப்போர்ட் கார்டு அச்சிடு" என்று மாற்றுங்கள்.

"அவ்வளவுதானா?" என்று பதில் வந்தது.

"அவ்வளவுதான்."

ஐந்து நிமிடத்தில் மாற்றினார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி ஒருவரிடமிருந்தும் வரவில்லை. நான்காவது நாள் ஹெர்னானே கூப்பிட்டார். "இந்தாய், நூத்தி நாப்பது பேர நான் முட்டாள்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். வாடிக்கையாளர் தானாக உண்மைக்கு வரும்போது குறுக்கே பேசக்கூடாது, அது எங்கள் பயிற்சியில் முதல் பாடம்.

மூன்று வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு, ஐம்பத்தேழாக இறங்கியது. மீதியெல்லாம் திரும்பக் கேட்டவை, எப்போதோ சரியானவை, அல்லது ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்திருந்தவை.

அந்தக் குவியலுக்கு அடியில்தான் வெளியாட்கள் அனுப்பிய பத்தொன்பது திருத்தங்கள் கிடந்தன. திட்டத்துக்கு ஆள் இல்லை, ஆள் இல்லை என்று ஹெர்னான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் பத்தொன்பது பேர் ஏற்கெனவே வந்து கதவைத் தட்டியிருந்தார்கள். யாரும் திறக்காததால் போய்விட்டார்கள். அதில் ஒருவர் ரோஹாஸ் நகரத்து ஜோவன் பெனியாஃப்ளோர். கணினி பழுது பார்ப்பவர். எங்கள் பெயர்களில் வரும், தலையில் அலைபோல் கோடு போட்ட ñ என்ற எழுத்தை சுலாத் அச்சடிக்கும்போது அது வெறும் கட்டமாக விழும். அவருடைய மகளின் கார்டிலும் பெயருக்கு நடுவில் கட்டம். மனுஷன் உட்கார்ந்து நிரலைப் படித்து, சரி செய்து அனுப்பியிருக்கிறார். எட்டு மாதமாகப் பதில் இல்லை.

அதை ஹெர்னானைச் சேர்க்கவைத்துவிட்டு ஜோவனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா, மேம்?"

"தப்பு எங்களோடதுதான், மனோங். மன்னிச்சுக்குங்க. உங்க திருத்தத்த இன்னைக்குச் சேர்த்தாச்சு. பக்கத்துல உங்க பேரும் இருக்கு, பாருங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அட, ஆமா," என்றார். பிறகு, "வேற என்ன உடைஞ்சு கிடக்கு?"

பத்தொன்பது பேரில் பதினொரு பேர் திரும்பி வந்தார்கள். வந்தவர்களுக்கு அடுத்த முட்டுக்கட்டை. சுலாத்தின் நிரலைத் தங்கள் கணினியில் ஓடவைக்கவே அவர்களுக்கு இரண்டு நாள் ஆனது. சிலரால் முடியவேயில்லை. "எனக்கு ஓடுதே" என்பார் ஹெர்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மியாகாவில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"நீங்க எழுதி வெச்ச குறிப்பப் பார்த்து நான் செய்யப்போறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. பேசக்கூடாது. தொடக்கூடாது."

"நீங்கதான் புரோகிராமரே இல்லையே."

"அதனாலதான்."

முதல் மூன்று படிகள் தாண்டின. நான்காவதில் நின்றுவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து. ஹெர்னான் நாற்காலியில் நெளிந்தார். அவர் கை விசைப்பலகைப் பக்கம் வந்தது, நான் தட்டிவிட்டேன். அவர் மனைவி தட்டில் வாழைப்பழப் பொரியலோடு வந்து நின்று பார்த்தாள்.

"இவரு வாய மூடிக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். "தினம் வாங்க, இந்தாய்."

பத்தாவது தடவை அதே சிவப்பு வந்தபோது ஹெர்னான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அந்த ஃபைலு என் மிஷின்ல மட்டும்தான் இருக்கு. ஆறு வருஷமா. ஆறு வருஷமா வந்தவன் ஒவ்வொருத்தனும் இந்த இடத்துலதான் விழுந்திருக்கான்." அன்று பொழுது சாய்வதற்குள் அப்படி ஏழு இடங்களைக் கண்டுபிடித்தோம். ஒவ்வொன்றாக அவர் சரிசெய்ய, நான் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். கடைசி முறை பன்னிரண்டு நிமிடத்தில் என் லேப்டாப்பில் சுலாத் ஓடியது. நான் எழுந்து நின்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது.

எல்லாம் கூடிவருகிறது என்று நினைத்திருந்த நேரத்தில், மார்ச் ஒன்பதாம் தேதி கல்வித் துறையிடமிருந்து புதிய மதிப்பெண் முறை வந்தது. எழுத்து வேலைக்கு எவ்வளவு, செய்முறைக்கு எவ்வளவு, பரீட்சைக்கு எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் மாறியது. இந்தப் பருவத்திலிருந்தே அமல். சுலாத்தின் வயிற்றையே கிழித்துத் தைக்க வேண்டிய வேலை. கார்டு கொடுக்க மூன்று வாரம்கூட இல்லை.

ஹெர்னான் தொலைபேசியில் சொன்னார், "முடியாது. ரெண்டு மாசம் வேணும்."

"ஒரு ஆளுக்கா?"

"ஒரு ஆளுக்கு."

"இப்ப பன்னெண்டு பேரு இருக்கீங்க, மனோங்."

அவர் பதில் சொல்வதற்குள் டெலியா வேறொரு முடிவு எடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய வீட்டைத் தூக்கி நிறுத்தவோ அறுவடைக்கோ ஊரே சேர்ந்து கூலியில்லாமல் வேலை செய்வதை டாக்யாவ் என்போம். "சனிக்கிழமை எங்க ஸ்கூல்ல டாக்யாவ்" என்று எல்லா டீச்சர்களுக்கும் செய்தி அனுப்பிவிட்டாள். "புரோகிராம் எழுதுறவங்க லேப்டாப் கொண்டு வாங்க. டீச்சருங்க மார்க் நோட்டு கொண்டு வாங்க. ஆம்பளைங்க யாராச்சும் கோழி கொண்டு வாங்க."

பதினான்காம் தேதி காலை மலைச் சாலையில் ஜீப்னி ஜீப்னியாக ஆட்கள் ஏறி வந்தார்கள். பன்னிரண்டு நிரலாளர்கள், முப்பத்தொரு டீச்சர்கள். ஜோவன் விடியும் முன்பே ரோஹாஸிலிருந்து பஸ் ஏறியிருந்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஹெர்னான் புதிய கணக்கை அந்த வாரம் முழுதும் எழுதி முடித்திருந்தார். அதைச் சுற்றி மற்றவர்கள் திரைகளையும் கார்டு வடிவத்தையும் மாற்றினார்கள். டீச்சர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உதவிக் குறிப்புகளை கினாராய்-ஆ மொழியில் எழுதினார்கள். வெளியே கோழி சுட்ட புகை ஜன்னல் வழியாக வந்து எல்லோரையும் படுத்தியது.

சாப்பிட்டு முடித்து, புதிய கணக்கைச் சோதிக்கலாம் என்று உட்கார்ந்தபோது மின்சாரம் போனது. மின்விசிறிகள் நின்றன. லேப்டாப்புகளில் மிச்சமிருந்த மின்சாரத்தைக் காப்பாற்ற எல்லாவற்றையும் மூடினோம். ஹெர்னான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெலியா எழுந்தாள். "சும்மா உக்காந்திருக்க எதுக்கு? ஆளுக்கு ஒரு தாள் எடுங்க. புது முறைப்படி கையால கணக்குப் போடுங்க. கரண்ட் வந்ததும் மிஷின் சொல்றதும் நாம சொல்றதும் ஒண்ணான்னு பாத்துரலாம்."

முப்பத்தொரு டீச்சர்கள் குனிந்து எழுதினார்கள். முதலில் முணுமுணுத்தவர்கள்கூட பிறகு போட்டி போட ஆரம்பித்தார்கள். மூன்றரை மணிக்கு மின்விசிறி சுழன்றபோது இருநூற்றுப் பத்து பிள்ளைகளின் மதிப்பெண்கள் தாளில் இருந்தன. அவற்றை சுலாத்தில் போட்டோம். இருநூற்று மூன்று சரியாக வந்தது. ஏழு வரவில்லை.

"டீச்சருங்க தப்பாக் கூட்டியிருப்பீங்க" என்றார் ஹெர்னான். "அந்தக் கணக்க நான் நாலு தடவ பாத்துட்டேன்."

இத்தனை வாரமாகக் கட்டியதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் சரிந்துவிடும் போலிருந்தது.

டெலியா சாக்பீஸை எடுத்தாள். "தோத்தோ, இங்க வா."

அவரை சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் சின்னப் பையனைக் கூப்பிடுவதுபோல் திடீரென்று தோத்தோ என்றதும் யாரோ பின்னால் சிரித்தார்கள். ஹெர்னான் கரும்பலகைக்கு வந்தார். வெளுத்த முகம்.

"இது ரேமார், என் கிளாஸ் பையன். எழுத்துல இருபத்திரண்டு புள்ளி நாலு ஆறு. செய்முறைல முப்பத்தாறு புள்ளி நாலு எட்டு. பரீட்சைல பதினாறு புள்ளி நாலு ஏழு. கூட்டு."

"எழுபத்தஞ்சு புள்ளி நாலு ஒண்ணு."

"பாஸா ஃபெயிலா?"

"எழுபத்தஞ்சுதானே பாஸ் மார்க்கு. பாஸ்."

"உன் மிஷின் எழுபத்தி நாலுங்குது. என் பையன ஃபெயிலாக்குது."

ஹெர்னான் பலகையையே பார்த்தபடி நின்றார். "மூணையும் தனித்தனியா முழு எண்ணாக்கிட்டு அப்புறம் கூட்டியிருக்கேன்" என்றார் மெதுவாக. "பழைய முறைல அப்படித்தான் செய்யணும். புதுசுல கூட்டிட்டுத்தான் முழு எண்ணாக்கணும். பழக்கத்துல எழுதிட்டேன்." பிறகு டீச்சர்கள் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடது. நீங்க போட்டதுதான் சரி."

நான் எதிர்பார்த்தது, அவர் ஓடிப்போய் லேப்டாப்பில் உட்கார்ந்து தானே சரிசெய்வார் என்று. அவர் ஜோவனைப் பார்த்தார்.

"நீ சரிபண்ணு. நான் பாத்துட்டுச் சேர்க்குறேன். நானே எழுதி நானே பாத்தா இதே மாதிரிதான் ஆகும்."

ஜோவன் பதினைந்து நிமிடத்தில் திருத்தினார். ஹெர்னான் ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாற்பது பேர் அவர் முதுகுக்குப் பின்னால் மூச்சுக்கூட விடாமல் நின்றோம். பொத்தானை அழுத்தினார். இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளையும் மறுபடி ஓட்டினோம்.

இருநூற்றுப் பத்து.

அந்தச் சத்தத்தை மலைக்குக் கீழே கடைத்தெருவில் கேட்டார்களாம். குட்டை நாற்காலிகள் உருண்டன. ஜோவனை இரண்டு டீச்சர்கள் இழுத்துப்பிடித்து ஆடவைத்தார்கள். டெலியா ஹெர்னானின் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூசியாகும்படி அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தபோது கன்னத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி புதிய சுலாத் வெளியானது, பக்கத்தின் மேலே இருந்த மூன்று வரி அறிவிப்பு போய்விட்டது. ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் டீச்சர்கள் இறக்கிக்கொண்டார்கள். பாதிக்கு மேல் எங்கள் தீவுக்காரர்களே இல்லை. பங்களித்தவர்கள் பட்டியலில் நாற்பத்தாறு பெயர்கள். கையால் கணக்குப் போட்ட முப்பத்தொரு டீச்சர்களையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஹெர்னான் பிடிவாதமாக நின்றார். "அவங்க ஒரு வரிகூட எழுதலயே" என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டதற்கு, "என் தப்ப எத்தன வரி எழுதி நீ கண்டுபிடிச்ச?" என்று பதில் போட்டார். பதிலைப் படித்துவிட்டு அவருக்குத் தனியாக எழுதினேன், கொஞ்சம் இதமாகச் சொல்லலாமே என்று. திருத்தி, ஒரு நன்றியும் சேர்த்துப் போட்டார்.

ஏப்ரலில் புனித வார விடுமுறை வந்தது. ஹெர்னான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு படகேறி கிமாராஸ் தீவுக்குப் போனார். ஐந்து நாள். லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக அவர் மனைவி உத்தரவு.

மூன்றாம் நாள் சுரிகாவிலிருந்து ஒரு டீச்சர் எழுதியிருந்தார், பெயர்கள் அகரவரிசையில் தப்பாக விழுகின்றன என்று. நான் விவரம் கேட்டு வாங்கினேன். தவாவோவிலிருந்து, நாங்கள் யாரும் முகம் பார்த்திராத ஒருவர் திருத்தம் அனுப்பினார். ஜோவன் படித்து இரண்டு கேள்வி கேட்டு, சேர்த்துவிட்டார். எல்லாம் ஒரு பகலுக்குள்.

மறுநாள் ஹெர்னானிடமிருந்து அழைப்பு. பின்னால் அலைச் சத்தமும் ஒரு குழந்தையின் சிரிப்பும் கேட்டன.

"போன்ல பாத்தேன். நான் இல்லாமயே செஞ்சுட்டீங்களா?"

"ஆமா, மனோங்."

"யாரு அந்த தவாவோக்காரன்?"

"அம்போட். எனக்கும் தெரியாது. நல்லா எழுதுறாருன்னு ஜோவன் சொன்னாரு."

நீளமாக மூச்சு விட்டார். கோபப்படுகிறாரோ என்று ஒரு கணம் நினைத்தேன். "அப்பா, கடல் தண்ணி உள்வாங்கிடும், வாங்க!" என்று அவர் மகள் கூப்பிடுவது கேட்டது.

"இந்தாய்," என்றார், "நான் சொன்னதுக்கு மேல இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்."